பங்குக் கிணற்றுத் தேத்தண்ணி

வதனி முதல் மிடறை விழுங்கவில்லை. வாய்க்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

நான் குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே சோளகக் காற்று பனைகளைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தது. விடிய எழும்பிச் சுட்ட பயித்தம் பணியாரம் மேசையில் இருந்தது. இரண்டு பேரும் தொடவில்லை. ஒரு வாய்த் தேத்தண்ணியில் என் தங்கை எங்கள் இரண்டு குடும்பத்தின் மிச்சக் காலத்தையும் தீர்மானிக்கப் போகிறாள். அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் இந்த நடிப்பெல்லாம்.

“என்னடி செய்யிறாய்? விழுங்கன்.”

அவள் ஒரு விரலை உயர்த்திப் பொறுக்கச் சொன்னாள்.

விஷயம் இதுதான். காங்கேசன்துறைக்குக் கிட்ட, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், அம்மா எங்கள் இருவருக்கும் பிரித்துக் கொடுத்த காணி இது. மேற்குப் பாதி எனக்கு, கிழக்குப் பாதி வதனிக்கு. நடுவில் இருவருக்கும் பொதுவாக ஒரு பங்குக் கிணறு. நான் என் பாதியில் வீடு கட்டி, போன சித்திரையில் குடிவந்துவிட்டேன். வதனியும் அவள் கணவர் ரவியும் இன்னும் உடுவிலில் வாடகைக்கு இருக்கிறார்கள். இதற்கிடையில் கொழும்புக்காரர் ஒருவர் வதனியின் பாதியை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். கடற்கரைக்கு வருகிறவர்கள் தங்குவதற்கு விடுதி கட்டப் போகிறாராம்.

ரவி வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டார்.

“ஆவணியிலை போய்த் தண்ணியைக் குடிச்சுப் பார். நல்லதெண்டால் கட்டுவம். உப்பெண்டால் வித்துப்போட்டு இஞ்சாலை ஒரு துண்டு வாங்குவம்.”

ஏன் ஆவணி? மாரியில் கடலோரத்துக் கிணறுகள் எல்லாம் நல்ல பிள்ளைகள்தான். மழைத் தண்ணீர் மேலே நிற்கும். வெயிலில் காய்ந்து தண்ணீர் கீழே போன பிறகுதான் கிணற்றின் சுயரூபம் தெரியும். ரவி இப்படியான விஷயங்களில் விண்ணன்.

வதனி பக்கத்தில் வந்தால் மதிலுக்கு மேலால் கறிக்கோப்பை கை மாறும். வராவிட்டால் மதிலுக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாதவர்கள் வந்து வந்து போவார்கள். எனக்கு என் தங்கை வேண்டும். அவ்வளவுதான்.

காட்ட முடியாத சீதனம்

இதெல்லாம் ஒரு தண்ணீருக்காகவா என்று கேட்பீர்கள். எங்கள் குடாநாட்டில் பேருக்கு ஓர் ஆறு உண்டு. அதுவும் மாரியில் மட்டும் வந்து தலைகாட்டிவிட்டுப் போகும். மற்றப்படி எல்லாம் கிணறுதான். சம்பந்தம் பேசப் போனாலும் காணி பார்க்கப் போனாலும், வாசலில் கேட்கும் முதல் கேள்வி “தண்ணி எப்பிடி?” என்பதுதான். எங்கள் காணி உறுதியிலும் மா, பலா எல்லாம் எழுதியபின், ‘கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்’ என்று தனியாக ஒரு வரி இருக்கிறது.

அந்த உறுதியை வைத்துத்தான் எனக்குக் கல்யாணம் பேசினார்கள்.

சண்டைக்குப் பயந்து இந்த ஊரை விட்டு நாங்கள் ஓடியபோது நான் இரண்டாம் வகுப்பு. வதனி அம்மாவின் இடுப்பில். பிறகு இந்தப் பக்கம் முழுவதும் ஆமியின் முட்கம்பிக்குள் போய்விட்டது. நாங்கள் இணுவிலில் ஒரு வீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருந்தோம். கொஞ்ச நாளைக்கு என்று போன இடத்தில் நான் வளர்ந்து, படித்து, தையல் பழகி, கல்யாண வயதுக்கும் வந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண்ணின் சீதன வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அம்மாவிடம் கொடுப்பதற்கு இருந்தது இந்தக் காணி மட்டும்தான். அதையும் யாருக்கும் கூட்டிப்போய்க் காட்ட முடியாது. பெண் பார்க்க வந்த இரண்டு மூன்று பகுதியினர் உறுதியை வாசித்தார்கள், வடையைச் சாப்பிட்டார்கள், எழும்பிப் போனார்கள்.

கடைசியாக வந்தவர் இவர். இவர் என்றால் என் கணவர். இணுவிலில் பிறந்து வளர்ந்து, கோயிலடியில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். கூட வந்த பெரியவர் “காணி எங்கை?” என்று கேட்க, அம்மா யன்னலுக்கு வெளியே வடக்குப் பக்கம் கையைக் காட்டி “அங்காலை” என்றார். எல்லோரும் யன்னலைப் பார்த்தார்கள். அங்கே பக்கத்து வீட்டு மாடு நின்றது.

இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பரவாயில்லை, காணி அங்கை இருக்கட்டும். நாங்கள் இஞ்சை இருப்பம்” என்றார். அந்த ஒரு சொல்லில் நான் விழுந்துவிட்டேன். கூட்டாளிமார் கன காலம் இவரை, கண்ணால் காணாத காணிக்குத் தாலி கட்டினவன் என்று பகிடி பண்ணினார்கள். அதே பின்பாதி வீட்டில் நாங்களும் குடித்தனம் தொடங்கினோம். மகள் பிறந்ததும் அங்கேதான். அவள் இப்போது படிப்புக்காகக் கொழும்பில் இருக்கிறாள்.

ஆமி காணியை விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அம்மா போய்விட்டார். காணி விடுபட்ட செய்தி பேப்பரில் வந்த அன்று நானும் வதனியும் கட்டிப்பிடித்து அழுதோம். பிறகு, இனி என்ன செய்வது என்று திருதிருவென்று விழித்தோம்.

கப்பலும் சவர்க்காரமும்

குடிவந்த நாளிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்த மாதிரித்தான். இதை மறைக்க எனக்கு வெட்கமில்லை. நாற்பது தாண்டிய மனுசி விடிய எழும்பி ஒழுங்கை முடிவு வரைக்கும் ஓடுவேன், கடல் அங்கே இருக்கிறதா என்று பார்க்க. இருக்கும். திரும்பி வந்து, கடல் இருக்கிறது என்று இவருக்குச் சொல்லுவேன்.

இந்தியாவுக்குப் போகிற கப்பல் தெரிந்தால் அன்றைக்குத் தையல் மெசின் ஓடாது. இணுவில் சிநேகிதிகளுக்கு ஒவ்வொருத்தியாக ஃபோன் எடுப்பேன். “கப்பல் என்ரை வாசலாலை போகுது” என்பேன். வாசலால் எங்கே போகிறது, எட்டத்தில் ஒரு பெட்டி மாதிரித் தெரியும். ரயிலும் எங்களோடு முடிகிறது, அதற்கு அங்கால் தண்டவாளம் இல்லை. அதையும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டில், என் யன்னலைத் திறந்தால், என் காற்று. சுவரில் ஆணி அடிக்க யாரிடமும் கேட்கத் தேவையில்லை. முதல் கிழமை தேவையில்லாமல் ஏழெட்டு ஆணி அடித்தேன்.

ஆனால் பின்னேரம் ஆறு மணியானால் கை ஓடாது. இணுவிலில் அந்நேரம் கந்தசுவாமி கோயில் மணி கேட்கும். தோட்டங்களில் தண்ணீர் இறைக்கிற மெசின் சத்தம் அடங்கும், நனைந்த செம்மண் மணக்கும், பாண் விற்கிற வான் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். இங்கே காற்றும் கடலும்தான். சுற்றிப் பல வீடுகள் இன்னும் கூரையில்லாமல் நிற்கின்றன. கால் கழுவும்போது தண்ணீர் சிவப்பாக ஓடாததைப் பார்த்து ஒருநாள் ஒளித்து அழுதேன். சொந்த ஊருக்கு வந்துவிட்டு வாடகை வீட்டை நினைத்து அழுகிறாளே என்று யாரும் சிரிப்பார்கள். ஆகையால் ஒருவருக்கும் சொல்லவில்லை.

தேத்தண்ணிக்கு மட்டும் வாய்விட்டே அழுதேன். முதல் கிழமை ஊற்றிய தேத்தண்ணி வாயில் வைக்க முடியவில்லை. கரித்தது.

“கிணறு கன காலம் ஆள் இல்லாமல் கிடந்ததெல்லே. இறைக்க இறைக்கத் தண்ணி மாறும்” என்றார் இவர்.

நானும் மோட்டரைப் போட்டு வாழைக்கு இறைத்தேன், இறைத்தேன், இறைத்துக்கொண்டே இருந்தேன். இவர் தன் பங்குக்குக் குசினிக்கு ஒரு பெரிய மண்பானை வாங்கி வைத்து, குடிதண்ணீர் நிரப்புவது தன் வேலை என்றார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் அள்ளாத மனுசன், நான் பூக்கன்றுகளோடு மாரடிக்கும் நேரம் பார்த்துப் பானையை நிரப்பி வைப்பார். கடற்காற்று ஆளை மாற்றிவிட்டது என்று அதையும் ஃபோனில் பீற்றினேன்.

கொஞ்ச நாளில் ஒரு காலை, தேத்தண்ணி நன்றாக இருந்தது. நன்றாக என்றால், இணுவிலில் குடித்த மாதிரியே இருந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. கிணறு மாறிவிட்டது, என் நாக்கும் ஊரோடு ஒட்டிவிட்டது, இனி நான் இந்த ஊர்க்காரி என்று நினைத்தேன். வதனிக்கு அந்த நிமிடமே ஃபோன்.

சவர்க்காரம் மட்டும் நுரைக்கவில்லை. அதற்குச் சவர்க்காரத்தைத் திட்டினேன். பருப்பு அவியவில்லை. கடைக்காரன் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டான் என்று அவனோடு சண்டைக்குப் போனேன். குளிக்கும்போது வாயில் கரித்தால் வேர்வை என்று நினைத்தேன். ஆசை வைத்துவிட்டால் அறிவு வேலை செய்யாது.

கடைச் சாமான்

வதனி கண்ணைத் திறந்தாள். மிடறு இறங்கியது.

“நல்ல தண்ணி” என்றாள்.

எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது. “பாத்தியே! நான் சொன்னனான்தானே! ஆவணியிலையும் இப்பிடித்தான் இருக்குது!”

“நல்ல தண்ணிதான் அக்கா. ஆனால் இது இணுவில் தண்ணி.”

“உனக்கென்ன விசரே?”

“கைக்குழந்தையிலை இருந்து குடிச்ச தண்ணியை எனக்குத் தெரியாதே?”

“சும்மா கதையாதை. இந்தப் பானையிலைதான் அள்ளினனான். விக்கிறதெண்டு முடிவெடுத்துப்போட்டு என்ரை தண்ணியிலை பழி போடாதை!”

சொன்ன பிறகுதான் கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று பட்டது. வதனி எழும்பினாள். நேரே கிணற்றடிக்குப் போனாள். கப்பி கிறீச்சிட்டது. வாளியிலிருந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். பிறகு வாளியை என் பக்கம் தள்ளினாள்.

நானும் ஒரு கை அள்ளிக் குடித்தேன். உப்பு. சந்தேகத்துக்கே இடமில்லாத உப்பு. கண்ணுக்கு முன்னால் சவர்க்காரமும் பருப்பும் வந்து நின்றன.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம். மச்சாள் வந்திருக்கிறாள் என்று இவர் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்திருந்தார். பின்சீற்றில் உரப்பையால் சுற்றிய ஏதோ ஒன்று, பழைய சைக்கிள் ரியூப்பால் இறுக்கிக் கட்டியிருந்தது. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தவர், கிணற்றடியில் எங்கள் இருவரையும் நனைந்த வாளியையும் கண்டதும் பாட்டை நிறுத்தினார்.

“அத்தான், உதுக்குள்ளை என்ன?” என்றாள் வதனி.

“இது… கடைச் சாமான்.”

அவர் ஸ்ராண்டை இழுத்துவிட, கடைச் சாமான் தளும்பியது.

வதனி போய் உரப்பையை விலக்கினாள். உள்ளே பெரிய தண்ணீர்க் கான். இணுவிலில் நாங்கள் இருந்த அதே வீட்டுக் கிணற்றில் நிரப்பியதாம்.

“எவ்வளவு காலமா?” என்று கேட்டேன்.

“வைகாசியிலை இருந்து.”

“ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனே, எங்கடை கிணறு மாறீட்டுது, மாறீட்டுது எண்டு! என்னை ஒரு மடைச்சியாக்கிப் போட்டியளே!”

இவர் ரியூப்பை அவிழ்த்துக்கொண்டே பேசினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“வந்த புதுசிலை நீ தேத்தண்ணியை வைச்சுக்கொண்டு அழுதனியெல்லே. இஞ்சை வராமலே இருந்திருக்கலாம் எண்டு சொன்னனி. எனக்குப் பயமாப் போச்சு. இவ்வளவு காலம் பாத்துக்கொண்டிருந்து வந்த இடம், ஒரு தேத்தண்ணியாலை வெறுத்துப் போகுமோ எண்டு.”

என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதியைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்டேன். “அப்ப எனக்காகத்தான் காவினியள் எண்டுறியள்?”

“உனக்காகத்தான் தொடங்கினது.” கானைத் தூக்கிக் கிணற்றுக் கட்டில் வைத்தார். “பிறகு எனக்காக. எனக்கு உந்தத் தண்ணி இறங்கேல்லை கௌரி.”

வந்த மாப்பிள்ளை

இந்த மனுசனுக்கு ஊர் நினைவு வரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தினமும்தானே இணுவிலுக்குப் போய் வருகிறார், அவருக்கென்ன என்று இருந்துவிட்டேன். நான் என் ஊருக்கு வந்தேன். அவர் வந்ததும் என் ஊருக்குத்தான். பிறந்த நாளிலிருந்து ஓரிடத்தில் இருந்தவர், பின்னேரம் ஆனால் அந்த இடத்தைக் கடையோடு சேர்த்துப் பூட்டிவிட்டு இங்கே வருகிறார்.

“ஏனப்பா ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

“சீதன வீட்டுக்கு வந்தவன் ஊர் நினைவு எண்டு சொன்னால் சனம் சிரிக்காதோ?”

“நான் சிரிப்பனே?”

“நீ கப்பல் பாத்துக்கொண்டு திரிஞ்சாய். அது வடிவாயிருந்துது. அதைக் குழப்புவானேன்?”

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தங்கை நிற்கிறாள் என்றும் பார்க்காமல் சொன்னேன். “ஆறு மணிக்கு மணிச்சத்தம் கேக்காட்டி எனக்கும் கை ஓடுறேல்லை. செம்மண்ணை நினைச்சு நானும் அழுதனான்.”

“உண்மையாவே?” என்றார் இவர். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தால், நான் ஏதோ நல்ல செய்தி சொல்லிவிட்டேன் என்று நினைப்பீர்கள். வதனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒளித்து ஒளித்து இணுவிலை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்!

சிரித்து முடிய வதனி கேட்டாள். “அதெல்லாம் சரி, நான் இப்ப ரவிக்கு என்னத்தைச் சொல்ல? அவர் ஃபோனைப் பாத்துக்கொண்டிருப்பார்.”

“நான் ரண்டு கானாக் கொண்டாறன். உங்களுக்கும் சேத்து” என்றார் இவர், ஏதோ பெரிய தீர்வைக் கண்டுபிடித்தவர் போல.

“அத்தான், சும்மா இருங்கோ.”

நான் வாளியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அவள் பக்கத்தில் வரவேண்டும் என்ற ஆசை எனக்குக் கழுத்துவரை இருந்தது. இருந்தாலும் கானில் வந்த தண்ணீரைக் காட்டி அவளை வீடு கட்ட வைக்க முடியாது. பிறகு காலம் முழுக்க அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

கேத்திலில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை விட்டு அடுப்பில் வைத்தேன்.

“இதைக் குடிச்சுப்போட்டுச் சொல்லு. விக்கிறதெண்டால் வித்துப்போடு. நான் கோவிக்க மாட்டன்” என்றேன். கோவிக்க மாட்டேன் என்றது பச்சைப் பொய்.

கிணற்றில் உள்ளது

பால் விடாத வெறும் தேத்தண்ணிதான். சாயம் கொஞ்சம் கூட, சீனி அளவாக. மூன்று கப்பில் ஊற்றினேன்.

வதனி இந்த முறை கண்ணை மூடவில்லை. ஒரு மிடறு குடித்தாள். இன்னொரு மிடறு. பிறகு கப்பை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் முகம் ஒரு மாதிரியாகிவிட்டிருந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

“அக்கா, நீ குடிச்சுப் பார். அவசரப்படாமல் குடி.”

குடித்தேன். முதலில் சாயம் வந்தது, பிறகு இனிப்பு. எல்லாம் தொண்டைக்குள் போன பிறகு நாக்கின் ஓரத்தில் அந்த உப்பு வந்து நின்றது.

“அம்மான்ரை தேத்தண்ணி” என்றாள் வதனி.

இணுவிலில் அம்மா தன்னுடைய கப்புக்கு மட்டும் ஒரு சிட்டிகை உப்புப் போடுவார். சீனியும் போட்டு, உப்பும் போட்டு. சின்ன வயதில் நாங்கள் இருவரும் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஏனம்மா என்று கேட்டால், “எனக்கு இப்பிடித்தான் இறங்கும்” என்பார். வேறு ஒன்றும் சொல்லமாட்டார். பிற்காலத்தில் பிறஷர் வந்து டொக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன பிறகும் ஒளித்துப் போட்டார். அதற்கு வதனியிடம் நன்றாகப் பேச்சும் வாங்கினார்.

அவ்வளவு காலமும் அம்மா இந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கமுடியாமல் இருந்தோம். இவர் தன் கப்பை எடுத்து ஆறுதலாகக் குடித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னும் ஒரு வாய் குடித்தார்.

“ஓம். மாமின்ரைதான்” என்றார். “கலியாணம் முடிஞ்ச புதுசிலை ஒருக்காத் தன்ரை கப்பை எனக்கு மாறித் தந்தவ. நான் ஒண்டும் சொல்லாமல் குடிச்சனான்.”

வதனியின் ஃபோன் அடித்தது. ரவி. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

“ஓம், குடிச்சனான்… தண்ணியோ? உப்பு. நல்ல உப்பு.”

அந்தப் பக்கம் ரவி ஏதோ நீளமாகச் சொல்வது கேட்டது. வதனி கேட்டுக்கொண்டே கப்பை எடுத்து மிச்சத்தையும் குடித்து முடித்தாள்.

“இல்லையப்பா, விக்கேல்லை. அந்தக் கொழும்பு மனுசனுக்குச் சொல்லிவிடுங்கோ. நாங்கள் கட்டுவம்.”